அறுபது கிலோ

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆணி கொஞ்சம் அதிகம், மன்னிச்சிடுங்க. டிசம்பர் வந்தாலே எங்க துறையில் யாருக்கும் தூக்கம் கிடையாது. மெல்பர்னில் வெயில் 38, 40 என்று ஏறும்போதுதான் எல்லா ஆபீஸ் கட்டிடங்களிலும் ஏசி ஒரே நேரத்தில் மண்டையைப் போடும். ஊரே கிறிஸ்துமஸுக்கு மரம் நட்டுக்கொண்டிருக்க, நான் மொட்டை மாடியில் கம்ப்ரசரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன்.

இந்தப் பதிவுக்குக் காரணம் என் சின்ன மகள். நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ஓசோன் பற்றி ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருந்தார்கள். சார்ட் பேப்பரில் பூமி, அதன் அடியில் ஒரு பெரிய நீல ஓட்டை, எல்லாம் வரைந்து முடித்துவிட்டு என்னிடம் வந்து கேட்டாள்: "அப்பா, இந்தக் கேஸை எல்லாம் மேலே விட்டது யாரு?"

"ஃப்ரிட்ஜ், ஸ்ப்ரே டப்பா இதுலேருந்துதான்மா" என்றேன்.

"அது தெரியும். யாரு விட்டாங்க?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைப் பார்த்துக்கொண்டு "கம்பெனிகள்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்க :-)

நமக்குச் சொந்த ஊர் பொழியூர். கேரளத்தின் தெற்குக் கோடி. நெய்யாறு கடலில் விழுகிற பூவார் பொழிக்குத் தெற்கே கடற்கரையோரம் நடந்தால் எங்க ஊர், இன்னும் கொஞ்சம் நடந்தால் நீரோடி. நீரோடி தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா அந்தப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா இந்தப் பக்கம் நின்றது. அதனால் எங்க பெரியம்மா தமிழ்நாடு, நாங்க கேரளா. ரேஷன் அரிசி வேறே வேறே, மீன் ஒரே மீன். பாறசாலையில் ரயில் ஏறினால் மலையாளம், களியக்காவிளையில் பஸ் ஏறினால் தமிழ். நான் எழுதுகிற தமிழில் பிழை இருந்தால் அதற்கும் இதுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கடல்தொழில். கட்டுமரம், பிறகு வள்ளம், வயசான பிறகு கரமடி இழுப்பவர்களோடு ஒரு கை. என்னைக் கடலுக்கு அனுப்பக் கூடாது என்பது அம்மாவின் வைராக்கியம். அதனால் ஐடிஐ-யில் ரெஃப்ரிஜிரேஷன் படித்தேன். 1995-ல் களியக்காவிளையில் ஒரு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். கடையின் பெயர் வேண்டாம். முதலாளியை நாங்க ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷன், தொழிலும் சோறும் சேர்த்துப் போட்டவர்.

ஃப்ரிட்ஜ் கூலிங் இல்லை என்று வண்டியில் கொண்டுவந்து இறக்குவார்கள். முதல் வேலை, கம்ப்ரசர் பக்கத்தில் இருக்கும் சின்ன செம்புக் குழாயை வெட்டுவது. புஸ்ஸ்ஸென்று ஒரு சத்தம். உள்ளே மிச்சம் இருக்கிற ஆர்-12 கேஸ் வெளியே போகும். வாசனை பெரிதாக இருக்காது, தீப்பிடிக்காது, கையில் பட்டால் சில்லென்று இருக்கும். சின்னப் பையன்களுக்கு அது ஒரு விளையாட்டு. பிறகு ஓட்டை அடைத்து, கேஸ் வெல்டிங் வைத்து, திரும்ப கேஸ் ஏற்ற வேண்டும். அதற்கு முன்னால் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுக்க வேண்டும். புத்தகத்தில் அதற்கு வேக்குவம் பம்ப் என்று போட்டிருக்கும். கடையில் வேக்குவம் பம்ப் கிடையாது. கொஞ்சம் கேஸை உள்ளே விட்டு, திறந்து வெளியே விடுவோம். இன்னொரு தடவை விட்டு, இன்னொரு தடவை திறப்போம். கேஸ் காற்றைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகுதான் சார்ஜிங்.

அன்றைக்கு ராத்திரி நான் போட்ட கணக்கு இதுதான். வாரத்துக்கு நாலு பெட்டி. வருஷத்துக்கு 200. வளைகுடாவுக்கு விசா வரும்வரை மூணு வருஷம் அங்கே இருந்தேன். ஆக 600 பெட்டி. பெட்டிக்கு சராசரியாக 100 கிராம் வெளியே விட்டிருப்பேன் என்று வைத்தால் 60 கிலோ. என் எடையை விட அதிகம், அந்த வயசில்.

ஆர்-12 மேலே போனால் அழிய ஏறக்குறைய நூறு வருஷம் ஆகும். அதாவது 1995-98-ல் நான் விட்டதில் முக்கால்வாசி, 45 கிலோ பக்கம், இன்னும் காற்றில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆசான் இல்லை, கடை இல்லை, அந்த ஃப்ரிட்ஜுகள் எல்லாம் பழைய இரும்புக்குப் போயாச்சு. கேஸ் மட்டும் இருக்கிறது.

"காற்றை விட கனமான கேஸ் எப்படி அவ்வளவு உயரம் போகும்?" என்று ஊரில் ஒரு மாமா என்னிடம் அடித்துக் கேட்பார். நல்ல கேள்விதான். காற்று சும்மா நிற்பதில்லை, அதுதான் பதில். காயலில் ஒரு குடம் சாயத்தைக் கொட்டினால் அது அடியில் போய் உட்காருமா என்ன, கலங்கிக் கலந்துவிடும். இதிலும் அப்படித்தான். ஒன்றிரண்டு வருஷத்தில் உலகம் பூராவும் ஒரே அளவாகக் கலந்துவிடும். அதற்கு அப்புறம் நடப்பதுதான் என்னைக் கொஞ்சம் உறுத்தியது. கீழ்க்காற்று ஸ்ட்ராட்டோஸ்பியருக்குள் ஏறுவது பெரும்பாலும் வெப்ப மண்டலத்தில்தான். அதாவது மாடிப்படி இருப்பது நம்ம ஊர்ப் பக்கம். அங்கே ஏறி, மெதுவாக, சில வருஷங்கள் எடுத்து, துருவங்களின் பக்கம் நகர்ந்து, அங்கே இறங்கும். இதற்கு ப்ரூவர்-டாப்சன் சுழற்சி என்று பெயர். ஓசோனும் இதே வழியில்தான் பயணம் செய்கிறது. உற்பத்தி பெரும்பாலும் நம்ம தலைக்கு மேலே, குவிந்து கிடப்பது வேறு எங்கோ. (நம்ம ஊர் மீன் மாதிரி.)

அதனால் ஒரு வேடிக்கை. திருவனந்தபுரத்துக்கு மேலே இருக்கும் ஓசோன், வருஷம் பூராவும் ஏறக்குறைய 250-லிருந்து 280 டாப்சன் யூனிட். மெல்பர்னுக்கு மேலே சாதாரணமாக 300-ஐ ஒட்டி, வசந்த காலத்தில் இன்னும் அதிகம். அதாவது எங்க அப்பாவுக்கு இருந்த கூரை எப்போதுமே மெல்லிய கூரை. அதில் ஓட்டை கிடையாது, ஆனால் கனமும் கிடையாது.

சரி, அண்டார்டிகாவில் விழுந்த ஓட்டை மெல்பர்னுக்கு என்ன செய்கிறது? இதைப் பலரும், இங்கே முப்பது வருஷம் இருப்பவர்கள் கூட, தப்பாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். "நம்ம தலைக்கு மேலேதான் ஓசோன் ஓட்டை" என்பார்கள். இல்லை. ஓட்டை அண்டார்டிகாவுக்கு மேலே. மெல்பர்ன் 38 டிகிரி தெற்கு. நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. எல்லாம் அந்தச் சுவர் செய்கிற வேலை.

அங்கே குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனே வராது. மேல் காற்று குளிர்ந்து குளிர்ந்து, துருவத்தைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெரும் சுழல் உருவாகும். துருவச் சுழல். அதன் விளிம்பு ஏறக்குறைய 60 டிகிரியில். உள்ளே இருக்கிற காற்று வெளியே வராது, வெளிக்காற்று உள்ளே போகாது. உள்ளே மைனஸ் 78-க்கும் கீழே போகும்போது அந்த உயரத்திலும் மெல்லிய மேகங்கள் உண்டாகும். சும்மா கிடந்த குளோரின் அந்த மேகத் துகள்களின் மேல்பரப்பில்தான் விழித்துக்கொள்கிறது. செப்டம்பரில் வெயில் எட்டிப் பார்த்ததும் வேட்டை ஆரம்பம். ஒரு குளோரின் அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளை முடித்துவிடும் என்று பாடப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். அக்டோபரில் உள்ளே ஓசோன் 100 யூனிட் பக்கம் வந்து நிற்கும். 1985-ல் ஹாலி பே தளத்தின் அளவுகளை வைத்து ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூன்று பேரும் உலகத்துக்குச் சொன்னது இதைத்தான்.

அக்டோபர் வரை சுவர் நிற்கிறது, எங்களுக்கு ஒன்றுமில்லை. நவம்பர், டிசம்பரில் வெயில் ஏற ஏற சுழல் தள்ளாட ஆரம்பிக்கும். கீழிருந்து வரும் பெரிய அலைகள் அதை இடித்து இடித்து நீட்டும், கிழிக்கும். கடைசியில் உடைந்துபோகும். உடைந்ததும் உள்ளே அடைபட்டிருந்த ஓசோன் இல்லாத காற்று துண்டு துண்டாக, கிழிந்த வலை மாதிரி நீள நீளமாக, வடக்கே மிதந்து வரும். எங்க தலைக்கு மேலே. சரியாகக் கோடை ஆரம்பிக்கிற நேரத்தில். பிள்ளைகளுக்கு லீவு விட்டு எல்லாரும் கடற்கரையில் கிடக்கிற நேரத்தில்.

இது உண்மையாகவே அளந்து பார்க்கப்பட்டது 1987 டிசம்பரில். அந்த வருஷம் ஓட்டை பெரிசு. சுழல் உடைந்ததும் மெல்பர்ன் உட்பட தெற்கு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஓசோன் திடீரென்று இறங்கியது. ஏறக்குறைய 10 சதவீதம், அதுவரை அந்த மாதத்தில் காணாத குறைவு. 1989-ல் நேச்சர் இதழில் அட்கின்சனும் கூட்டாளிகளும் எழுதினார்கள். இது இங்கேயே உண்டான குறைவு இல்லை, அண்டார்டிகாவின் காற்று இறங்கி வந்து கலந்ததால் வந்தது என்று காட்டினார்கள். 10 சதவீதம் ஓசோன் குறைந்தால் தோலைச் சுடும் கதிர் 12 சதவீதம் பக்கம் கூடும்.

கொஞ்சம் பக்கவழி. நம்மவர்கள் இந்த விஷயத்தில் எங்கே என்று தேடினேன். முதலில் வந்தவர் பாலக்காடு கல்பாத்திக்காரர், கே.ஆர். ராமநாதன். 1893-ல் பிறந்தவர், சி.வி. ராமனின் சீடர், அதற்கு முன்னால் திருவனந்தபுரம் கல்லூரியில் வேலை பார்த்தவர். அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநர், சர்வதேச ஓசோன் கமிஷனுக்கே தலைவராக இருந்தவர். ஓசோன் எந்த உயரத்தில் எவ்வளவு என்று தரையிலிருந்தே கண்டுபிடிக்கும் வேலையில் அவரோடு சேர்ந்து எழுதியவர் ஆர்.என். குல்கர்னி. இந்தக் குல்கர்னி பிறகு வேலைக்கு வந்தது எங்கே தெரியுமா? மெல்பர்ன், ஆஸ்பென்டேல், சிஎஸ்ஐஆர்ஓ! எங்க வீட்டிலிருந்து காரில் இருபது நிமிஷம். நான் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற கடற்கரை. 1960-களிலேயே ஒரு இந்தியர் அங்கே நின்று வானத்தை அளந்துகொண்டிருந்திருக்கிறார். நான் இத்தனை வருஷமாக அங்கே சிப்ஸ் தின்றுகொண்டிருந்தேன்.

என்னோடு வேலை செய்கிற வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர், அடுத்த வருஷம் ரிட்டையர்மென்ட். மூக்கில் ஒரு துண்டு வெட்டி எடுத்திருக்கிறார்கள், தோல் புற்றுநோய். காதிலும் ஒன்று. இங்கே இது சகஜம். 70 வயசுக்குள் மூன்றில் இரண்டு பேருக்கு ஏதாவது ஒரு வகை தோல் புற்று வந்துவிடும் என்கிறது புற்றுநோய் கவுன்சில். லஞ்ச் நேரத்தில் அவரிடம் என் 60 கிலோ கணக்கைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அறுபதா? எழுபத்தொன்பதில் ஒரே நாளில் ஒரு சில்லரிலிருந்து முன்னூறு கிலோ ஆர்-11 திறந்துவிட்டிருக்கிறேன். சட்டமே கிடையாது அப்போ. மாடியில் வால்வைத் திறந்துவிட்டு சாப்பிடப் போவோம்" என்றார்.

"அப்போ உங்க மூக்குக்கு நீங்களே காரணமா?" என்று கேட்டேன். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

அவர் கோபிக்கவில்லை. "மூக்குக்குக் காரணம் நாற்பது வருஷம் தொப்பி போடாமல் கூரையில் நின்றது" என்றார். அதுவே சரியான பதில் என்று நினைக்கிறேன். கணக்கை நேர்மையாகப் போட வேண்டும் அல்லவா. இங்கே கதிர் கடுமையாக இருப்பதற்கு ஓட்டை மட்டுமே காரணம் இல்லை. ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கும், அதனால் தெற்கின் கோடைக்கு வடக்கின் கோடையை விட ஏறக்குறைய 7 சதவீதம் வெயில் அதிகம். காற்றும் சுத்தம், தூசி குறைவு. வெள்ளைத் தோல் ஜனங்கள் அந்த வெயிலுக்காகப் பிறந்தவர்களும் இல்லை. சுழல் உடைந்து வருகிற காற்று அதன் மேல் சில நாட்களுக்கு, சில வாரங்களுக்கு, ஒரு கூடுதல் சுமை. அவ்வளவுதான். ஆனால் அந்தச் சுமையில் என் பங்கு இருக்கிறது. மற்றதில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுழல் எப்போதும் ஒரே மாதிரி உடைவதில்லை. 2002 செப்டம்பரில் அது நேரத்துக்கு முன்பே இரண்டாகப் பிளந்தது, ஓட்டையும் இரண்டானது. 2019 செப்டம்பரிலும் மேலே திடீரென்று சூடேறி சுழல் பலவீனமானது, அந்த வருஷ ஓட்டை 1980-களின் தொடக்கத்துக்குப் பிறகு மிகச் சிறியது. நல்லதுதானே என்று நினைத்தோம். சுழல் தளர்ந்தால் கீழே ஆஸ்திரேலியாவின் கிழக்கில் சூடும் வறட்சியும் கூடும் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த வருஷம் இந்துமாக்கடலின் நிலைமையும் சேர்ந்துகொண்டது. காடு எரிந்தது. 2020 ஜனவரியில் மெல்பர்னில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை, மகளுக்கு இருமல். அந்தப் புகை ஸ்ட்ராட்டோஸ்பியர் வரை ஏறி, அங்கே கிடந்த பழைய குளோரினைக் கிளறி, இந்த அட்சரேகைகளில் ஓசோனை 3-லிருந்து 5 சதவீதம் தின்றது என்று சூசன் சாலமன் குழு 2023-ல் எழுதியது. படித்தபோது "பழைய குளோரின்" என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. 2020-லிருந்து 2023 வரை சுழல் நேர்மாறாக, உடைய மறுத்து, ஓட்டை டிசம்பர் வரை இழுத்துக்கொண்டு போனது.

மொத்தத்தில் நிலைமை தேறி வருகிறது. 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, இந்தியா 1992-ல் சேர்ந்தது, 2010-க்குள் நம்ம ஊரிலும் ஆர்-12 நின்றது. அண்டார்டிகாவில் 2066 வாக்கில் 1980-ன் அளவுக்குத் திரும்பும், துருவங்கள் தவிர்த்த மற்ற இடங்களில் 2040 வாக்கில் என்கிறது 2022-ன் ஐ.நா. மதிப்பீடு. 2066-ல் என் மகளுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். இப்போது நான் லைசென்ஸ் இல்லாமல் ஒரு கிராம் கேஸைக் கூடத் தொட முடியாது. மிச்ச கேஸை சிலிண்டரில் உறிஞ்சி எடை போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்தத் தராசு முள்ளைப் பார்க்கும்போது களியக்காவிளை ஞாபகம் வரும்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளையிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்ந்திருக்கிறது. எங்க ஊரில் கடலுக்குப் போனவர்களில் நிறைய பேருக்கு உண்டு. தலையில் ஒரு துவர்த்தைக் கட்டிக்கொண்டு வெயிலுக்கும் தண்ணீரிலிருந்து எகிறும் வெயிலுக்கும் கண்ணைக் கொடுத்தால் வேறென்ன வரும். கறுத்த தோல் தோலைக் காப்பாற்றும், கண்ணைக் காப்பாற்றாது. இதற்கும் ஓட்டைக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். சுழல் உடைந்த காற்று எட்டு டிகிரி வடக்கு வரை வருவதில்லை. தென்கடலிலிருந்து எங்க ஊருக்கு வருவது கள்ளக்கடல்தான். அங்கே புயல் அடித்தால் சில நாள் கழித்து, இங்கே காற்றே இல்லாதபோது, அலை வீட்டுக்குள் வரும். 2024 மார்ச் 31-ல் வந்த மாதிரி.

ஆபரேஷன் திருவனந்தபுரத்தில் நடந்தது. கறுப்புக் கண்ணாடி போட வேண்டும் என்றார்கள். இங்கிருந்து நல்லதாக ஒன்று வாங்கி அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்த வாரம் போனில் ஓசோன், ஆர்-12, 60 கிலோ எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். மகளிடம் சொல்ல முடியாததை அவரிடம் சொல்லிப் பார்ப்போம் என்றுதான்.

கேட்டுக்கொண்டே இருந்தார். "அது ஒனக்கு அப்பம் தெரியுமா மக்களே?" என்றார்.

"தெரியாதுப்பா. ஐடிஐ-யில் சொல்லித் தரல்ல."

"அந்த ஆசானுக்கு?"

"அவருக்கும் தெரியாது."

"செரி. பிள்ளெ கேட்டா, அவளுட்ட சொல்லு. கள்ளம் சொல்லாத."

மறுநாள் சொன்னேன். அவள் வாயைப் பிளந்து பார்த்தாள். பிறகு "எத்தனை கிலோ?" என்றாள். சொன்னேன். சார்ட்டில் ஓட்டைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது, அங்கே 60 என்று எழுதி, ஒரு ஃப்ரிட்ஜும் அதன் பக்கத்தில் மீசை வைத்த ஒரு ஆளும் வரைந்தாள். எனக்கு மீசை கிடையாது. அப்போது இருந்தது என்று எப்படித் தெரிந்ததோ.

போன ஞாயிறு அப்பா போன் செய்தார். கரமடி இழுக்கும்போது குனிந்ததில் கறுப்புக் கண்ணாடி கடலில் போய்விட்டதாம். அடுத்த தடவை வரும்போது இன்னொன்று கொண்டுவரச் சொன்னார், கயிறு வைத்ததாக.